தறியும் மோட்டாரும்

மாணவர்களே! பட்டுத்தறியின் ஓசையிலே வளர்ந்த ஆரணிக்காரன் மோட்டார்த் தொழிலைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இன்று தறிக்குழியில் இறங்குவதில்லை. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் வேலைக்குச் செல்கின்றனர். ஆகவே எங்கோ கார் விற்காமற் போனால் இங்கே அடுப்பு அணைகிறது. இது எவ்வாறு நேருகிறது, அரசாங்கம் அப்போது என்ன செய்யலாம் என்பதையே இன்று சொல்லப் போகிறேன்.

பட்டுச் சேலை விற்கவில்லையென்றால் முதலாளி பாவு கொடுப்பதை நிறுத்துகிறார். பாவு நின்றால் நெசவாளிக்கு மட்டுமா கூலி போயிற்று? நூல் முறுக்குபவர், சாயம் தோய்ப்பவர், சூரத்திலே சரிகை செய்பவர் அனைவருக்கும் போயிற்று. மோட்டாரும் அப்படியே. ஒரு காரில் ஆயிரக்கணக்கான உதிரி பாகங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை வெளியே பல சிறு பட்டறைகளில் உருவாகின்றன. அரிசி வாங்குவதைத் தள்ளிப்போட முடியாது. கார் வாங்குவதைத் தள்ளிப்போடலாம். பழைய வண்டி இன்னும் ஓராண்டு ஓடும் அல்லவா? மேலும் கார் பெரும்பாலும் கடனில் வாங்கப்படும் பொருள். கடன் கொடுப்பவன் கையை இழுத்துக்கொண்டால், ஆசை இருந்தும் வாங்குவார் இல்லை.

2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற நிதி நிறுவனம் வீழ்ந்தபோது உலகமெங்கும் கடன் வறண்டது. ஜெனரல் மோட்டார்ஸ் என்ற பெருநிறுவனமே 2009 ஜூனில் திவால் மனுக் கொடுத்தது. அமெரிக்க அரசாங்கம் அதன் பங்குகளில் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தானே ஏற்றுக் காப்பாற்றியது. நம் மத்திய அரசு வேறு வழியில் சென்றது. 2008 டிசம்பரில் கலால் வரியை 4 சதவீதப் புள்ளி குறைத்தது. அடுத்த மாதம், ஜவஹர்லால் நேரு பெயரிலான நகரப் புனரமைப்புத் திட்டத்தின் கீழ் நகரங்கள் பேருந்து வாங்கப் பணம் அளிப்பதாக அறிவித்தது. அந்த ஆர்டர்களைப் பெற்ற நிறுவனங்களுள் நம் அசோக் லேலண்டும் ஒன்று.

இந்த இரண்டாவது ஏற்பாட்டைக் கவனியுங்கள். அரசாங்கமே வாங்குபவராக வந்து நின்றது. 1983-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய வேட்டி சேலைத் திட்டமும் இத்தகையதே. அது பட்டுக்கு உதவவில்லை. ஆயினும் பருத்தித் தறிகளுக்கு வேலை கொண்டுவந்தது. ஆர்டர் என்பது சங்கிலியின் கடைசிக் கண்ணி வரை இறங்கும். ஐயாயிரம் பேருந்து வேண்டுமென்றால் ஐயாயிரம் பேருந்துக்கும் மரையாணி வேண்டும்.

2019-இல் மறுபடியும் மந்தம் வந்தது. முந்தைய ஆண்டு ஐ.எல். அண்டு எப்.எஸ். நிறுவனம் கடனைத் திருப்பித் தர இயலாமற் போனதால் வாகனக் கடன் இறுகியது. லாரிகள் கூடுதல் பாரம் ஏற்றலாம் என்று 2018-இல் விதி மாறியதால், இருக்கும் லாரிகளே போதுமென்றாயிற்று. 2018-19-இல் 33.77 லட்சமாக இருந்த பயணிகள் வாகன விற்பனை அடுத்த ஆண்டு 27.73 லட்சமாகச் சரிந்தது. 2019 செப்டம்பரில் அசோக் லேலண்டு எண்ணூரில் 16 நாள் வேலையில்லை என்று அறிவித்தது. அதே மாதம் மத்திய அரசு கம்பெனிகளின் வருமான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தது. லாபம் உள்ளவனுக்கே லாப வரிச் சலுகை பயன்படும். வாங்க ஆளில்லாத கடைக்கு அது ஒரு வாடிக்கைக்காரரையும் அழைத்து வராது. அரசுத் துறைகள் புது வண்டி வாங்கலாம் என்று அதற்கு முந்தைய மாதம் தடை நீக்கியதையும் நான் மறக்கவில்லை. எனினும் என் கருத்தில் பெரும்பணம் தவறான வாசலில் சென்றது.

அந்த ஆண்டு என் பழைய மாணவன் ஒருவன் பெட்டியுடன் ஊர் திரும்பினான். ஓர் உதிரிபாகப் பட்டறையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஓராண்டு பணியாற்றிய நிரந்தரத் தொழிலாளியை வேலையின்றி நிறுத்தினால் அடிப்படை ஊதியத்திலும் பஞ்சப்படியிலும் பாதி தரவேண்டும் என்பது சட்டம். இவனுக்கோ, "நாளை முதல் வரவேண்டாம்" என்ற ஒரு வார்த்தைதான். சில மாதம் தந்தையின் தறியில் அமர்ந்தான். பள்ளியில் கணக்கில் கெட்டிக்காரன். ஊடை ஓட்டக் கை மறந்திருந்தது. தந்தை ஒன்றும் சொல்லாமல் இழை அறுந்த இடங்களைப் பிணைத்துக் கொடுத்தார்.

2025 செப்டம்பரில் சிறு கார்களின் சரக்கு சேவை வரி 28-லிருந்து 18 சதவீதமாயிற்று. இது வாங்குபவர் கைக்கே நேராகச் சென்ற சலுகை. சிறிது காலத்துக்குப் பின் அவனைக் கடைத்தெருவில் கண்டேன். மீண்டும் பட்டறைக்குச் சென்றுவிட்டானாம். மிகைநேர வேலை கூடக் கிடைக்கிறதாம்.

"நிரந்தரமாக்கினார்களா தம்பி?" என்றேன்.

"இல்லை ஐயா, இன்னும் ஒப்பந்தந்தான்" என்றான்.