நம் வீட்டுக் கதையை நாமே அச்சிடுவது



இரட்டைமலை சீனிவாசனின் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' 1939இல் வெளிவந்தபோது அவருக்கு எண்பது வயது நெருங்கியிருந்தது. தமிழில் தலித் ஒருவர் எழுதிய முதல் தன்வரலாறு என்று இன்று அதைச் சொல்கிறோம். ஒரே மூச்சில் படித்துவிடக்கூடிய சிறு நூல். 1893இல் அவர் 'பறையன்' இதழைத் தொடங்கியதையும், வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்ததையும் மேடைகளில் பேசுகிறோம். எனக்கு அந்நூலில் முக்கியமாகப் படுவது வேறொரு இடம். கோயம்புத்தூரில் படித்த காலத்தைப் பற்றி அவர் எழுதியிருக்கும் சில வரிகள். உடன் படித்த சுமார் நானூறு பேரில் ஏறத்தாழ எல்லோரும் பிராமணர்கள். பழகினால் சாதியும் வீடும் தெரிந்துவிடும் என்று அஞ்சி, பள்ளிக்கு வெளியே எங்காவது படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவாராம். வகுப்பு முடிந்ததும் யாரும் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் வீட்டுக்கு நடந்துவிடுவாராம்.

அந்தக் கோயம்புத்தூரிலிருந்து திருப்பூர் ஐம்பது கிலோமீட்டர்தான். 2009வரை இரண்டும் ஒரே மாவட்டம். இன்று திருப்பூரில் லைன் வீடு தேடிப் போகும் நம் பிள்ளைகளிடம் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கிறார்கள். பதிலை மாற்றிச் சொல்லாமல் வீடு கிடைத்தவர்கள் எத்தனை பேர் என்று இந்த அரங்கிலேயே கேட்டுப் பார்க்கலாம். மாற்றிச் சொன்ன பதிலை வீட்டுக்குள்ளும் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. குழந்தை வெளியே போய்ச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகக் குழந்தையிடமே சொல்லாமல் விடுகிறார்கள். இப்படித்தான் ஒரு குடும்பத்தின் வரலாறு ஒரே தலைமுறையில் அறுந்துபோகிறது.

அறுந்துபோவது சாதாரண வரலாறு அல்ல. கவலை இறைக்கத் தோல்பறி தைத்தவர்கள், ஆடு மேய்க்கப் பண்ணயத்துக்கு விடப்பட்டவர்கள், பண்ணையாளாகவே வயதானவர்கள், இவர்களில் கடைசித் தலைமுறை இப்போது நம் வீட்டுத் திண்ணைகளில் இருக்கிறது. அவர்களின் பிள்ளைகள்தாம் ஊர்களில் இருந்து பனியன் கம்பெனிக்கு வந்தவர்கள். திருப்பூரைச் சுற்றிய கிராமங்களை ஆய்வு செய்த கிரேஸ் கார்ஸ்வெல்லும் ஹீர்ட் டி நீவும் காட்டிய ஒன்று உண்டு. பனியன் வேலைக்குப் போக முடிந்த ஊர்களில் தலித்துகள் பண்ணைக்காரரின் பிடியிலிருந்து விலக முடிந்தது. பக்கத்திலேயே விசைத்தறி ஊர்களில் முன்பணம் வாங்கி மறுபடியும் கட்டுண்டார்கள். இது ஆய்வாளர்கள் சொன்னது. உங்கள் தாத்தா வாங்கிய முன்பணம் எவ்வளவு, எதற்காக வாங்கினார், யார் அடைத்தார்கள் என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும்.

கொங்கு நாட்டில் நிலம் வைத்திருக்கும் சாதியார் தங்கள் கூட்டத்தின் வரலாறு, காணியூர், குலதெய்வம் என்று சொந்தச் செலவில் புத்தகம் போடுவது நெடுநாள் வழக்கம். அவர்களுக்குச் சான்றாகப் பட்டயமும் பத்திரமும் கோயில் உரிமையும் இருக்கின்றன. நம் தாத்தாக்களைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் பண்ணைக்காரர் வீட்டுக் கணக்கு நோட்டில், பற்று என்ற பக்கத்தில்தான் இருந்தது. ஆகவே அவர்களுடைய புத்தகத்தை நகல் எடுத்து, 'நாங்களும் ஒரு காலத்தில் ராஜா' என்று எழுதுவதில் எனக்கு ஈடுபாடு இல்லை. இருந்ததை எழுதினால் போதும்.

இதற்கு வேறொரு முன்மாதிரி யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. அங்கே ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் குடும்பத்தார் ஒரு சிறு புத்தகம் அச்சிட்டு வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். 'கல்வெட்டு' என்பார்கள், நினைவு மலர் என்றும் சொல்வார்கள். தேவாரம், இறந்தவரின் வாழ்க்கை, வம்சாவளி, நன்றியுரை எல்லாம் அதில் இருக்கும். விலை போட்டு விற்பதில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. போரில் ஊர்களே இடம்பெயர்ந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் பத்திரிகைகளோடும் நூல்களோடும் சேர்த்து இந்த நினைவு மலர்களையும் தேடித் தேடி மின்வருடிச் சேமிக்கிறது. வீட்டுக்கென்று போட்ட புத்தகம் ஊருக்கே சான்றாகிவிட்டது.

"எங்கப்பாவுக்கு எழுதத் தெரியாதே" என்பீர்கள். நரேந்திர ஜாதவின் தந்தை மும்பைத் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். முறையான படிப்பு இல்லை. ஓய்வுபெற்றபின் மகன் தூண்டியதால் தனக்குத் தெரிந்த எழுத்தில் நோட்டில் எழுதினார். அந்தக் குறிப்புகளை வைத்து மகன் 1993இல் மராத்தியில் கொண்டுவந்ததுதான் 'ஆம்சா பாப் ஆன் ஆம்ஹி'. பின்னர் பல மொழிகளுக்குப் போனது. எழுதவே தெரியாதவர் என்றால் செல்போனில் பதிவு செய்யுங்கள். அவர் பேச்சைத் திருத்தாமல் எழுத்தாக்குங்கள். "வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் ஒன்றும் வராது. முதல் நாள் கம்பெனிக்கு எப்படிப் போனீங்க, கைமடியாகப் போனபோது டெய்லர் எப்படிக் கூப்பிட்டார், முதல் சனிக்கிழமைச் சம்பளத்தில் என்ன வாங்கினீங்க என்று கேளுங்கள். 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அந்த நான்கு மாதம் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று பாட்டியிடம் கேளுங்கள். தொழிற்சங்க வரலாற்றில் அந்தப் பதில் கிடைக்காது.

பாட்டியிடம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வம்சாவளி வரையும்போது ஆண் வழியை மட்டும் வரைந்துவிடுகிறோம். செக்கிங் டேபிளில் ஒன்றரை ஷிப்ட் நின்று பிள்ளைகளைப் படிக்க வைத்த அத்தையும் சித்தியும், கல்யாணமானதும் புத்தகத்திலிருந்து போய்விடுகிறார்கள். இது யாரிடமிருந்து கற்ற பழக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

செத்த மாடு தூக்கியது, தனிக் குவளை, சாதியை மாற்றிச் சொல்லி வாடகைக்கு இருந்தது, எல்லாம் எழுதப்பட வேண்டும். குறிப்பாகக் கடைசியில் சொன்னது. மறைத்ததை எழுதினால் மானம் போகுமே என்று பெரியவர்கள் தயங்குவார்கள். சீனிவாசன் ஓடிய ஓட்டம் அவரே எழுதியதால்தான் நமக்குத் தெரியும்.

ஆனால் அச்சிடக் கூடாதவையும் உண்டு. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி மீறித் திருமணம் செய்தவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்கள் இப்போது இருக்கும் ஊர், வேலை, குழந்தைகளின் படம் எதையும் போடாதீர்கள். அவர்களைக் கேட்டு, அவர்கள் சரி என்றால் மட்டும் பெயரைப் போடுங்கள். வாடகை வீட்டில் இருக்கும் உறவினரின் முகவரிக்கும் இதுவே விதி. உண்மையை மறைப்பதும் உயிரைக் காப்பதும் ஒன்றல்ல. விடுபட்ட பக்கங்களைக் கையெழுத்துப் பிரதியாக ஒருவர் வைத்திருக்கலாம். அம்பேத்கர் தன் தீண்டாமை அனுபவங்களை எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' அவர் காலத்தில் அச்சாகவில்லை. கையெழுத்துப் பிரதியாகவே இருந்து 1990இல்தான் நூலானது.

அச்சு இப்போது பெரிய காரியமில்லை. ஐம்பது பிரதி மட்டும் டிஜிட்டலில் போட்டுத் தரும் அச்சகங்கள் இருக்கின்றன. ஆயிரம் போட்டுப் பரணில் அடுக்க வேண்டாம். பழைய படங்கள், டி.சி., மனைப்பட்டா, கம்பெனி அடையாள அட்டை, கிழிந்த கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் தெளிவாக ஸ்கேன் செய்து சேருங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த ஆண்டு, எந்த ஊர் என்று அடியில் எழுதுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் பத்தாண்டில் அந்தப் படம் வெறும் தாள். ஐ.எஸ்.பி.என். எண்ணை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை கட்டணமின்றித் தருகிறது.

எல்லாப் பிரதிகளையும் சொந்தக்காரர்களுக்கே கொடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூலைக் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று பொது நூலகங்களுக்கும், வெளியிடுபவர் முப்பது நாளுக்குள் தன் செலவில் அனுப்ப வேண்டும். பெரிய பதிப்பாளர்களே பலர் கண்டுகொள்ளாத சட்டம் இது. நமக்கு அது கடமை என்பதைவிட வசதி. சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் ஒன்று அனுப்புங்கள். அழைப்பிதழையும் துண்டறிக்கையையும்கூட மதித்துச் சேர்த்த ஒரு மனிதரின் சேகரிப்பில் உருவான நூலகம் அது. வீட்டுக்காரர் கண்ணில் படுமே என்று லைன் வீட்டில் இந்தப் புத்தகத்தை வைக்க முடியாத பேத்திகூட, ஒருநாள் கன்னிமாராவுக்குப் போய்ச் சீட்டு எழுதிக் கொடுத்து அதை வாங்கிப் படித்துக்கொள்ளலாம்.