மல்லாட்டை உடைக்கும் கைமெஷின்: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது



சென்ற கூட்டத்தில் பைத்துல்மால் பணத்தில் மல்லாட்டை உடைக்கும் கைமெஷின் ஒன்று வாங்கலாமா என்று பேச்சு எழுந்தது. கூலிக்கு மல்லாட்டை உடைக்கும் ஒரு சாச்சி தன் கையை விரித்துக் காட்டி, "பாருங்க தம்பி, கட்டை விரல் நகமே தேஞ்சு போச்சு" என்றார். அவர் பக்கத்தில் இருந்த இன்னொருவரோ, "மெஷின் வந்தா எங்க கூலி என்ன ஆகும்?" என்று கேட்டார். இரண்டும் நியாயமான பேச்சு. விவரம் கேட்டு எழுதும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். நான் தெரிந்துகொண்டதைக் கீழே தருகிறேன்.

மெஷின் எப்படி வேலை செய்கிறது?

இதற்குக் கரண்டும் வேண்டாம், டீசலும் வேண்டாம். இரண்டு வகை உண்டு. நம் பக்கத்து விவசாயிகள் அறிந்தது ஆட்டும் வகை. அரைவட்டமாக வளைந்த இரும்புச் சல்லடையின் மேல் ஒரு கைப்பிடி முன்னும் பின்னும் ஊஞ்சல் போல ஆடும். கைப்பிடியின் அடியில் உள்ள வார்ப்பிரும்புக் கட்டைகள் மல்லாட்டையைச் சல்லடையோடு வைத்துத் தேய்க்கும். ஓடு நொறுங்கி, பருப்பும் ஓடும் சல்லடைக் கண் வழியே கீழே விழும். போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் இந்த வகையை நின்றுகொண்டு ஆட்டவும், உட்கார்ந்து ஆட்டவும் தனித்தனியாக வடிவமைத்துள்ளது.

மற்றது சுற்றும் வகை. ஒரு கூம்புக்குள் இன்னொரு கூம்பு சுழலும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மேலே அகலமாகவும் கீழே போகப் போகக் குறுகலாகவும் இருக்கும். பெரிய மல்லாட்டை மேலேயே உடையும். சிறியது கீழே இறங்கி உடையும்.

இந்தச் சுற்றும் மெஷினுக்கு ஒரு கதை உண்டு. 2001-இல் ஜாக் பிராண்டிஸ் என்பவர் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் கிராமம் ஒன்றுக்குத் தண்ணீர் வசதியைப் பழுதுபார்க்கப் போனார். மாலி முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு. அங்கே பெண்கள் மல்லாட்டை உடைத்து உடைத்துக் கைவிரல் புண்ணாகிக் கிடப்பதைப் பார்த்தார். கையால் உடைக்கும் சின்ன மெஷின் ஒன்று அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார். தேடிப் பார்த்தால் ஏழைக் கிராமம் வாங்கும் விலையில் எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் சிமெண்ட் கலவையை அச்சில் வார்த்து, நாலு இரும்புத் துண்டு சேர்த்து அவரே செய்தார். மணிக்கு சுமார் 50 கிலோ உடைக்கும் என்கிறார்கள். கையால் உடைப்பவர் மணிக்கு ஒன்றிரண்டு கிலோ பருப்பு எடுத்தாலே பெரிது. சாச்சி காட்டிய விரலும் மாலிப் பெண்களின் விரலும் ஒன்றுதான்.

கொட்டுவதற்கு முன்

முதலில், மல்லாட்டை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆட வேண்டும். பருப்பைத் தேய்த்தால் சிவப்புத் தோல் உரிய வேண்டும். ஈரப்பதம் 8 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது.

இரண்டாவது, பெரியது சிறியதைப் பிரித்து, அந்த அளவுக்கேற்ற சல்லடை போட வேண்டும். கண் பெரிதானால் உடையாமலே விழும். சிறிதானால் பருப்பு உள்ளேயே சிக்கி நசுங்கும். முதலில் ஒரு படி மட்டும் கொட்டிப் பாருங்கள். பருப்பு இரண்டாகப் பிளந்து வந்தால் இடைவெளியைக் கூட்டுங்கள். முழு மல்லாட்டை நிறைய விழுந்தால் குறையுங்கள். பிறகு முறத்தில் புடைத்து, உடையாததை மீண்டும் போடலாம். 100 கிலோ மல்லாட்டைக்கு சுமார் 70 கிலோ பருப்பு தேற வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம்: தண்ணீர் தெளிக்காதீர்கள். ஓடு இளகும், பருப்பு உடையாது என்று மூட்டைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு உடைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அந்த ஈரத்தில் மஞ்சள் பச்சை நிறப் பூஞ்சணம் பிடிக்கும். அது விடும் விஷத்துக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் அடுத்தடுத்துச் செத்தன. காரணம் தேடியபோது, தீவனத்தில் கலந்த மல்லாட்டைப் பிண்ணாக்கில்தான் இந்த விஷம் முதன்முதலாகப் பிடிபட்டது.

மனிதருக்கு இது ஈரலைக் கெடுக்கும். நாள்பட்டால் ஈரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். வறுத்தாலும் முழுவதும் போகாது. செக்கில் ஆட்டினால் எண்ணெயிலும் வரும், பிண்ணாக்கிலும் தங்கும். அந்தப் பிண்ணாக்கைத் தின்னும் மாட்டின் பாலிலும் இறங்கும். ஆகவே பூத்தது, சுருங்கியது, நிறம் மாறியது எதுவானாலும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். "மாட்டுக்குப் போடலாம்" என்று ஒதுக்கி வைக்க வேண்டாம்.

விதைக்கு மெஷின் வேண்டாம்

வீட்டுச் சமையலுக்கும் எண்ணெய்க்கும் மெஷின் போதும். விதைப் பருப்புக்கு மட்டும் கையை விட்டால் வழியில்லை. மல்லாட்டைப் பருப்பின் முளை அதன் நுனியில் இருக்கிறது. லேசான அடி பட்டாலே நுனி விண்டுபோகும். சிவப்புத் தோல் கிழிந்த பருப்பு மண்ணுக்குள் போனதும் பூஞ்சணம் பிடித்து அழுகும். கண்ணுக்கு முழுசாகத் தெரிந்தாலும் முளைக்காது. வயலில் இடம் இடமாகச் சொட்டை விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விதைக்கான மல்லாட்டையை ஓட்டோடுதான் வைத்திருக்க வேண்டும். விதைப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது உடைத்தால் போதும். முன்கூட்டி உடைத்து வைத்தால் முளைப்புத் திறன் குறையும். ஏக்கருக்கு சுமார் 50 கிலோ விதைப் பருப்பு தேவைப்படும். ஒருவர் மட்டும் கையால் உடைத்தால் நாலைந்து நாள் வேலை. மார்கழிப் பட்டத்துக்கு முன்னால் எல்லா வீட்டுக்கும் ஒரே சமயத்தில் ஆள் வேண்டியிருக்கும்.

இரண்டாவதாகக் கேட்ட சகோதரிக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. விரலைத் தேய்க்கும் பெருமளவு வேலையை மெஷின் எடுத்துக்கொள்ளட்டும். கண்ணும் கைப்பக்குவமும் வேண்டிய விதை வேலை அவர்களிடமே இருக்கட்டும். விதைக்கு உடைப்பது கவனமான வேலை. அதற்குக் கூலியும் கூடுதலாகவே இருக்க வேண்டும். கூலியை முன்னாலேயே பேசி, வேலை முடிந்ததும் தாமதிக்காமல் கொடுத்துவிட வேண்டும் என்பது நம் மார்க்கம் கற்றுத் தந்த ஒழுங்கு.

என் கருத்து

மெஷினை அலுவலகத்தில் பூட்டி வைத்து வாடகைக்கு விடுவதில் எனக்கு விருப்பமில்லை. இப்போது கூலிக்கு உடைக்கும் சகோதரிகள் நாலைந்து பேர் சேர்ந்த குழுவிடமே அதை ஒப்படைக்கலாம். ஊர் மல்லாட்டையை அவர்களே ஆட்டிக் கொடுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளட்டும். அதில் ஒரு சிறு பங்கை மெஷின் பழுதுக்கு எடுத்து வைத்தால் போதும். இத்தாவில் இருப்பவர்கள், வெளியே வேலைக்குப் போக முடியாதவர்கள் வீட்டிலிருந்தே விதை உடைத்துத் தரலாம். இல்லாவிட்டால் சாச்சியின் விரல் பிழைக்கும், அவர் வீட்டு அடுப்பு அணைந்துவிடும். அது அறக்கட்டளை செய்யும் வேலையல்ல.

வாங்குவதற்கு முன் உத்திரமேரூர் வேளாண்மை விரிவாக்க மையத்தில் மானியம் உண்டா என்று விசாரிக்க வேண்டும். கடையில் நம் மல்லாட்டையையே ஒரு படி கொண்டுபோய் ஆட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். மாற்றுச் சல்லடை கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். மெஷின் ஆடும்போது பிள்ளைகளைக் கிட்டே விடக்கூடாது. சிக்கியதை எடுக்க நிறுத்திய பிறகே கை வைக்க வேண்டும்.

இது எல்லோருடைய பணம், அமானிதம். ஆகவே ஜும்ஆவுக்குப் பின் நடக்கும் அடுத்த கூட்டத்தில் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். குறிப்பாகக் கூலிக்கு உடைக்கும் சகோதரிகள் தங்கள் வீட்டார் மூலமாகவாவது சொல்லியனுப்புங்கள். அவர்கள் சம்மதம் தெரிந்த பிறகே, இன்ஷா அல்லாஹ், முடிவு செய்வோம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்