புது டெலஸ்கோப் வாங்கியாச்சா? பினாங்கு வானத்தைப் பற்றி இதெல்லாம் தெரியுமா?

பெட்டியைப் பிரித்தாயிற்று, முக்காலியை விரித்தாயிற்று, கையேட்டையும் புரட்டியாயிற்று. முதல் வேலையாக, குழாயைத் தாங்கும் மவுண்டைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்பச் சொல்கிறது கையேடு. சரி, ஜார்ஜ்டவுனில் துருவ நட்சத்திரம் எங்கே இருக்கிறது தெரியுமா? பாடாங் கோத்தா லாமா கடலோரத்தில் வடக்கே பார்த்து நின்று, கையை நீட்டி, மூன்று விரலைச் சேர்த்துப் படுக்கைவாக்கில் அடிவானத்தின் மேல் வையுங்கள். கெடாவின் ஜெராய் மலைக்குக் கொஞ்சம் இடப்பக்கம், அந்த விரல்களின் மேல் விளிம்பில் இருக்கிறது. வெறும் 5 டிகிரி உயரம்! கடலோர மூட்டத்தையும் எதிர்க்கரை விளக்குகளையும் தாண்டி அது கண்ணில் படுவதே பெரும்பாடு.

வேடிக்கை அதோடு முடியவில்லை. ஈக்வடோரியல் மவுண்ட் என்பது ஐரோப்பா, அமெரிக்காவில் 40, 50 டிகிரி அட்சரேகையில் வாழ்கிறவர்களை மனத்தில் வைத்துச் செய்த பொருள். அதன் அச்சு துருவத்தை நோக்கிச் சாய்ந்து நிற்க வேண்டும். 5.4 டிகிரி வடக்கில் இருக்கும் பினாங்கில் அந்த அச்சு கிட்டத்தட்டப் படுத்தேவிடும். படுத்தால் என்ன ஆகும்? எதிர்எடை மாட்டிய தண்டு சுற்றிவரும்போது முக்காலியின் காலில் போய் 'டங்' என்று இடிக்கும். பல மாடல்களில் சாய்வுத் திருகு 5 டிகிரி வரை இறங்குவதே கிடையாது. விவரம் தெரிந்தவர்கள் முக்காலிக்கும் மவுண்டுக்கும் நடுவே ஒரு நீட்டுக்குழாயைச் செருகி உயர்த்திக்கொள்கிறார்கள். தெரியாதவர்கள் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு டாப்சோனியன் இருக்கிறது. நீளமான குழாய், அடியில் சுழலும் பலகைப் பெட்டி, அவ்வளவுதான். இதைப் பரப்பிய ஜான் டாப்சன் யார் தெரியுமா? ஒரு சந்நியாசி! 1915இல் பெய்ஜிங்கில் பிறந்து, 1944இல் சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ணர் மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் சேர்ந்தவர். கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்தே தொலைநோக்கிக்குக் கண்ணாடி செய்தார். மடத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கு இதைப் பற்றிக் கடிதம் எழுதும்போது டெலஸ்கோப் என்று எழுதாமல் 'ஜெரேனியம்' என்று பூச்செடியின் பெயரைச் சங்கேதமாக எழுதுவாராம். பூத்த ஜெரேனியம் என்றால் கண்ணாடிக்கு அலுமினியப் பூச்சு ஏறிவிட்டது என்று பொருள்! கடைசியில் 1967இல் மடத்தை விட்டு அனுப்பிவிட்டார்கள். மறு ஆண்டே, தெருவில் போவோர் வருவோரையெல்லாம் நிறுத்தி நிலாக் காட்டும் நடைபாதை வானியலாளர் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். ஸ்காட்லாந்து சாலையில் இருக்கும் பினாங்கு ராமகிருஷ்ண ஆசிரமத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை ஞாபகம் வரும்.

ஆனால் டாப்சோனியனுக்கும் ஓர் இடத்தில் முழங்கால் மடங்காது. எங்கே? நேர் உச்சியில்! குழாய் செங்குத்தாக நின்றுவிட்டால் அதை எந்தப் பக்கம் தள்ளினாலும் நட்சத்திரம் நழுவும். டாப்சனின் ஓட்டை என்று கேலியாகச் சொல்வார்கள். அந்த ஓட்டைக்குள் போய் விழும் நட்சத்திரம் பினாங்குக்கு எது தெரியுமா? புரோசியான். வானத்தில் அதன் இடம் வடக்கே 5 டிகிரி 13 கலை, ஜார்ஜ்டவுன் இருப்பது 5 டிகிரி 25 கலை. வித்தியாசம் நிலாவின் அகலத்தில் பாதிகூட இல்லை! இரவு வானின் முதல் பத்து ஒளிமிக்க நட்சத்திரங்களில் ஒன்று, தினமும் ஒருமுறை கொம்தார் கோபுரத்தின் உச்சிக்கு நேர் மேலே கடந்து போகிறது. திருவாதிரையும் சளைத்ததல்ல, உச்சியிலிருந்து இரண்டே டிகிரி தள்ளித்தான் போகும்.

கொம்தார் என்றதும் இன்னொன்று. புது டெலஸ்கோப்பின் சின்னத் துணைக்குழாயைப் பெரிய குழாயோடு சரிப்படுத்தும் வேலையை இருட்டில் செய்யாதீர்கள். பகலிலேயே தூரத்தில் ஏதாவது ஒரு கட்டடத்தைப் பிடித்து முடித்துவிட வேண்டும், ஆனால் சூரியன் இருக்கும் திசைப் பக்கமே போகக் கூடாது. ஜார்ஜ்டவுனில் கொம்தாரை விட்டால் வேறு எது? ஐபீஸில் கண்ணை வைத்ததும் வீட்டில் ஒரு கூச்சல் கிளம்பும், கோபுரம் தலைகீழாகத் தொங்குகிறதே என்று! பழுதில்லை. கண்ணாடி வைத்த டெலஸ்கோப் எல்லாவற்றையும் அப்படித்தான் காட்டும். நிலாவுக்குத் தலை எது கால் எது என்று யார் கேட்கப்போகிறார்கள்?

இப்போது தெற்கே திரும்புவோம், பினாங்குக்காரருக்கு உண்மையான புதையல் அங்கேதான். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு கிட்டத்தில் இருப்பதால் தென்துருவத்தைச் சுற்றிய 5 டிகிரி வட்டம் தவிர வானம் முழுவதும் ஆண்டில் ஏதோ ஒரு வேளையில் நமக்கு உதிக்கும். மே மாத இரவு பத்து மணிக்கு வடக்கே சப்தரிஷி மண்டலம், தெற்கே தென்சிலுவை, இரண்டும் ஒரே நேரத்தில்! லண்டன்காரர் லட்சக்கணக்கில் செலவழித்து வாங்கிய கருவியிலும் அவர் வீட்டு மாடியிலிருந்து ஒமேகா சென்டாரியைப் பார்க்க முடியாது. நமக்கு அது 37 டிகிரி உயரத்தில் நிற்கிறது. சுமார் ஒரு கோடி நட்சத்திரம் அடங்கிய கோளக்கொத்து அது. எட்டு அங்குல டாப்சோனியனில் கருப்புத் துணியில் கற்கண்டைப் பொடித்துக் கொட்டினாற்போலத் தெரியும்.

சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரக் குடும்பமான ஆல்ஃபா சென்டாரியும் அதே பக்கம்தான். வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது சின்ன டெலஸ்கோப்பிலேயே இரண்டாகப் பிரியும். அதை முதன்முதலில் இரண்டாகப் பார்த்தது எந்த ஊரில் தெரியுமா? நம்ம புதுச்சேரியில்! 1689 டிசம்பரில், வால்நட்சத்திரம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த ஜான் ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியாரின் கண்ணில் தற்செயலாகப் பட்டது. புதுச்சேரியில் அது 17 டிகிரிதான் ஏறும். பினாங்கில் 24 டிகிரி.

புதுச்சேரிக்கு வந்த இன்னொருவரை நினைக்காமல் எந்தப் புது டெலஸ்கோப்காரரும் தூங்கக் கூடாது. கருவி வாங்கிய அன்றிலிருந்து மேகம் சூழ்ந்துகொள்ளும் என்பது உலகம் முழுவதும் வானியல் ஆர்வலர்களின் புலம்பல். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை கொட்டும் பினாங்கில் கேட்கவே வேண்டாம். ஆனால் கீயோம் லெ ஜான்தீல் பட்ட பாட்டுக்கு முன் நம்முடையது ஒன்றுமே இல்லை! சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்க 1760இல் பிரான்ஸிலிருந்து புறப்பட்டார். வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761 ஜூன் 6 அன்று ஆடும் கப்பலிலிருந்து பார்த்தார், அளவெடுக்க முடியவில்லை. எட்டு ஆண்டு இந்தப் பக்கமே தங்கி, புதுச்சேரியில் ஆய்வுக்கூடம் கட்டி, 1769 ஜூனுக்காகக் காத்திருந்தார். அந்தக் காலையில் மேகம்! வெள்ளி கடந்து முடிந்த பிறகு வெயில் அடித்தது. 1771இல் ஊர் திரும்பினால், செத்துப்போய்விட்டார் என்று முடிவுகட்டிச் சொத்தைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை என்பது பலருக்குத் தெரியாது. புதுச்சேரியில் ஒரு தமிழர் சோழிகளை வைத்துக் கிரகணம் கணிப்பதைக் கண்டு அசந்துபோனார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவு அந்தக் கணக்கில் 41 விநாடிதான் பிசகியது. ஐரோப்பாவின் மேலான அட்டவணை என்று பெயர்பெற்ற மாயரின் அட்டவணை 68 விநாடி பிசகியது!

நம்முடைய திருவிழாக்களே ஒரு நட்சத்திர வரைபடம் என்று சொன்னால் நம்புவீர்களா? தைப்பூசத்தன்று இரவில், தலைக்கு மேலே முழுநிலா பூச நட்சத்திரத்தின் பக்கத்தில் நிற்கிறது. அங்கே ஒரு கொத்து மறைந்திருக்கிறது, எம்44. மங்கலான புகைபோலத் தெரிந்த அதில் 40க்கு மேல் நட்சத்திரங்கள் இருப்பதைக் கலிலியோ தம் டெலஸ்கோப்பில் கண்டு 1610இல் எழுதினார். பூசத்தன்று நிலா வெளிச்சத்தில் அது கரைந்துபோகும். இரண்டு வாரம் பொறுத்து அமாவாசையை ஒட்டி சாதாரண பைனாகுலரில் பாருங்கள், டெலஸ்கோப்பைவிட அதில்தான் அழகு. அடுத்து மாசி மகம். தெலுக் பாஹாங் கடலில் தெப்பம் மிதக்கும்போது நிலாவுக்குப் பக்கத்தில் பளிச்சென்று இருப்பது மகம், அதாவது ரெகுலஸ். சித்திரா பௌர்ணமிக்குச் சித்திரை நட்சத்திரமான ஸ்பைகா. எல்லாம் சரியாக இருக்கிறது! கல்யாணத்தில் மட்டும்தான் கொஞ்சம் இடறுகிறோம், பட்டப்பகலில் மண்டபத்து மின்விசிறியைக் காட்டி அருந்ததி பார்க்கச் சொல்கிறோம். ராத்திரியில் நிஜமாகவே பார்த்தால் வசிஷ்டரே டெலஸ்கோப்பில் இரண்டாகப் பிரிவார், அருந்ததி தனியாக நிற்பார்.

ஊருக்குள் இவ்வளவு விளக்கை வைத்துக்கொண்டு என்ன தெரியும் என்று சலிப்பவர்களுக்கு ஒன்று. கிரகங்களுக்கு விளக்கு ஒரு பொருட்டே அல்ல. நடுங்காத காற்றுதான் முக்கியம். உயரே பாயும் ஜெட் காற்றோட்டம் பூமத்திய ரேகைப் பக்கம் அவ்வளவாக வருவதில்லை, அதனால் நம் வானத்தில் வியாழன் பல இரவுகள் அசையாமல் நிற்கும். பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில், தொழில்முறை வானியலாளர் அல்லாத கிறிஸ்டோபர் கோ, 2006 பிப்ரவரியில் தம் டெலஸ்கோப்பிலிருந்தே வியாழனின் வெள்ளைப் புயல் ஒன்று சிவப்பாக மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார். பிறகு ஹபிளே திரும்பிப் பார்த்தது! சனியின் வளையம் 2025 மார்ச்சில் விளிம்பு மட்டும் தெரியும்படி திரும்பியது, இனி ஆண்டுக்கு ஆண்டு விரியும். முதல்முறை சனியைப் பார்க்கும் பிள்ளைகள் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று குழாய்க்குள் எட்டிப்பார்ப்பது எல்லா ஊரிலும் நடக்கும்.

வானத்தில் தெரியும் நெபுலாக்களும் ஊருக்குள்ளிருந்தே வேண்டுமா? அதற்கும் வழி வந்துவிட்டது. ஸீஸ்டார் எஸ்50 என்றொரு பொருள், 2023இல் வெளிவந்தது. முன்வில்லை 5 சென்டிமீட்டர், எடை இரண்டரை கிலோ. கண்ணை வைத்துப் பார்க்கும் ஐபீஸே கிடையாது! தானாகவே வானத்தை அடையாளம் கண்டு, பத்துப் பத்து விநாடிப் படங்களாக எடுத்து அடுக்கி, கைப்பேசியில் நெபுலாவை மெல்ல மெல்ல வண்ணமாக வரைந்து காட்டும். பழைய ஆட்கள் இது டெலஸ்கோப்பே அல்ல என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். என் கட்சி நடுவில்: படம் அதில் எடுக்கலாம், சனியைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

எதை வாங்கினாலும் பினாங்கில் கூடவே வாங்க வேண்டியது சிலிகா ஜெல். முடிந்தால் கேமராக்காரர்கள் வைத்திருக்கும் உலர்பெட்டி. நம் ஈரக்காற்றில் வில்லைக்குள் பூஞ்சை சிலந்திவலைபோல நூல் விட்டுப் படரும். ஒருமுறை கண்ணாடிப்பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் போகாது. பனியில் நனைந்த ஐபீஸை மூடி போட்டு அடைக்காமல், காயவிட்டே உள்ளே வையுங்கள்.

பகலிலும் வேலை உண்டு. ஏப்ரல் முதல் வாரத்தில் ஒருநாள், செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் ஒருநாள், பினாங்கில் நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது! சூரியன் நேர் உச்சி. ஆனால் பன்னிரண்டு மணிக்குப் போய் நின்றால் ஏமாந்துபோவீர்கள், பகல் ஒன்று இருபதுக்குப் போங்கள். 1982 ஜனவரி 1 முதல் நம் கடிகாரம் கிரீன்விச்சுக்கு எட்டு மணி முன்னால் ஓடுகிறது, சூரியனோ பினாங்கின் தீர்க்கரேகைப்படி ஆறே முக்கால் மணிக்கும் குறைவாகத்தான் முன்னால் இருக்கிறது. சூரியனைக் கருவியில் பார்ப்பதென்றால் முன்புறக் குழாய்வாயை முழுக்க மூடும் முறையான வடிகட்டி வேண்டும், துணைக்குழாயையும் மறக்காமல் மூட வேண்டும். வாங்குவதே என்று ஆனால் 2031 மே 21ஐக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று வளைய சூரிய கிரகணம் தென்னிந்தியா, இலங்கை, மலேசியா வழியாகப் போகிறது.

தீவின் மேற்குக் கரையில் பந்தாய் ஆச்சேயில் ஒரு வானியல் மையம் இருப்பதாவது தெரியுமா? பிறை பார்க்கும் இடமாகப் பெயர்பெற்றது. பினாங்கில் வாழ்ந்த அறிஞர் ஷேக் தாஹிர் ஜலாலுதீன் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவருடைய மகன் ஹம்தான் பின்னாளில் இந்த மாநிலத்தின் ஆளுநரானார்.

புது டெலஸ்கோப்புக்கு ஒரு நல்ல முதல் சவால் வேண்டுமா? சென்னை வானாய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் வந்தவர், 1867 ஜனவரியில் ஒரு மாறொளி நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். பெயர் ஆர் ரெட்டிகுலி. ஏறக்குறைய ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை பிரகாசித்து மங்கும். உச்சத்தில் பைனாகுலருக்கே எட்டும், அடிமட்டத்தில் எட்டு அங்குலக் கருவியையும் ஏமாற்றும். சென்னையில் அது 14 டிகிரி உயரம்தான் ஏறும், பினாங்கில் 22. அது தெற்கே உச்சமேறுவது ஜனவரி நடுவில் இரவு பத்தேகால் மணி வாக்கில், நமக்கு மழை குறைந்த மாதமும் அதுதான். ஜார்ஜ்டவுனிலிருந்து தெற்கே பார்த்தால் குன்றும் பாயான் லெப்பாஸ் விளக்குகளும் மறைக்கும், அதனால் காரில் போட்டுக்கொண்டு தெலுக் கும்பார் கடற்கரைக்குப் போய்விடுங்கள். கொசுவர்த்தி எடுத்துக்கொள்ளுங்கள்.