பல்லில் வெள்ளை: சொத்தையா, தண்ணீரா?

"பால் பல்லுதானே, விழுந்து முளைச்சிரும்!" எம்.ரெட்டியபட்டி, திருச்சுழிப் பக்கம் பிள்ளையின் பல்லைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இதுதான் பதில். கடைவாய்ப் பால் பல் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

சொத்தை கறுப்பாகத் தொடங்குவதில்லை. பல் டாக்டர் ஐந்து விநாடி காற்றடித்து எச்சிலை உலர்த்துகிறார். அதுவரை தெரியாத சுண்ணாம்பு நிறப் புள்ளி ஒன்று ஈறோரம் தலைகாட்டுகிறது. எனாமலின் எடையில் 96 சதவீதம் தாதுதான். கருப்பட்டி மிட்டாய் தின்றதும் பல்லில் ஒட்டிய இனிப்பைக் கிருமிகள் அமிலமாக்குகின்றன. பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கினால் கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து போகும். எச்சில் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும், அவகாசம் கிடைத்தால். நாலு மிட்டாயை ஒரே மூச்சில் தின்கிற பிள்ளையைவிட, அதையே நாளெல்லாம் கொறிக்கிற பிள்ளைக்குத்தான் ஆபத்து.

மேற்பரப்பு உடையாதவரை டிரில் போடாமலே புள்ளியைத் தேற்றலாம். டாக்டர் 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு வார்னிஷ் தடவுவார். வீட்டில் 1,000 பிபிஎம்-க்குக் குறையாத ஃபுளோரைடு பேஸ்ட். மூன்று வயதுக்குள் அரிசி மணியளவு போதும். பாலின் கேசீனிலிருந்து மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் எரிக் ரெனால்ட்ஸ் குழு உருவாக்கிய கிரீமும் கிடைக்கிறது. ஆனால் கைக்காசை அதில் போடுவதற்குமுன் ஃபுளோரைடைத்தான் நான் சொல்வேன். குழி விழுந்துவிட்டால் எந்தப் பூச்சும் அடைக்காது. கரித்தூளும் செங்கல் பொடியும் எனாமலை அரம்போல் ராவும், அவ்வளவுதான்.

வானம் பார்த்த பூமியில் இன்னொரு சிக்கல் உண்டு. போர் தண்ணீரே கதி என்றால் அதில் ஃபுளோரைடு எவ்வளவு என்று தெரிய வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரியில் அது மிகுந்துபோய்ப் பல்லில் கறை ஏறியது. காவிரி நீரைத் தர 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்தக் கறையும் முதலில் வெள்ளைதான். ஈறை ஒட்டி மங்கிய திட்டு என்றால் சொத்தையைச் சந்தேகிக்கலாம். இடமும் வலமும் ஒரே ஜோடிப் பற்களில் குறுக்கே கோடுகோடாக ஓடினால் தண்ணீரை. நிரந்தரப் பல் ஈறுக்குள் உருவாகும்போதே, சுமார் எட்டு வயதுக்குள், நேர்ந்துவிட்ட கோளாறு அது. வார்னிஷ் அதை மாற்றாது.

குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியில்லையென்றால் 1.5 வரை என்கிறது இந்தியத் தரம். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துச் சோதித்து, அந்தத் தாளையும் பல் டாக்டரிடம் காட்டுங்கள். பிள்ளைக்கு இன்னும் எவ்வளவு ஃபுளோரைடு தரலாம் என்பதை அதைப் பார்த்துத்தான் அவர் சொல்ல முடியும்.