ரக்பி லீக்: ஊர் மைதானத்துக்கு வரும் கூட்டம் வெம்ப்ளிக்கு ஏன் வரவில்லை?

2007 ஆகஸ்ட் 25, சனிக்கிழமை. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ரக்பி லீக் விளையாட்டின் சேலஞ்ச் கோப்பை இறுதிப் போட்டி நடந்தது. செயின்ட் ஹெலன்ஸ் அணியும் தெற்கு பிரான்சிலிருந்து வந்த கேட்டலன்ஸ் டிராகன்ஸ் அணியும் மோதிய அந்த ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 84,241 பேர். 2018இலும் இறுதிப் போட்டி ஆகஸ்ட் 25ஆம் தேதியே வந்தது, அதுவும் சனிக்கிழமை. அதே மைதானம், ஒரு பக்கம் அதே கேட்டலன்ஸ், எதிர்ப்பக்கம் மட்டும் வாரிங்டன். அன்று வந்தவர்கள் 50,672 பேர். பதினோரு ஆண்டுகளில் 33,569 பேர் காணாமல் போயிருக்கிறார்கள். இங்கிலாந்தின் வடக்கில் ரக்பி லீக் ரசிகர்கள் கூடும் இடமெல்லாம் சில ஆண்டுகளாக ஓயாமல் நடக்கும் வாக்குவாதத்துக்கு இந்த இரண்டு சனிக்கிழமைகளைவிட நல்ல தொடக்கப் புள்ளி கிடைக்காது. கூட்டம் ஏன் குறைகிறது என்று கேட்டால் ஒருவர் தொலைக்காட்சியைக் கைகாட்டுகிறார், இன்னொருவர் டிக்கெட் விலையை, வேறொருவர் திரும்பத் திரும்ப அதே அணிகள் ஜெயிப்பதை. விளையாட்டே செத்துக்கொண்டிருக்கிறது என்பவர்களும் உண்டு. எண்களை அடுக்கிப் பார்த்தால் இவை எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை.

தமிழ் வாசகர்களுக்கு ரக்பி என்றால் பெரும்பாலும் ரக்பி யூனியன்தான். கொழும்பிலும் கண்டியிலும் பள்ளிப் பிள்ளைகள் ஆடுவது அந்தப் பதினைந்து பேர் ஆட்டம். ரக்பி லீக் அதிலிருந்து பிரிந்து போனது. சனிக்கிழமை வேலையை விட்டு ஆட வரும் சுரங்கத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இழந்த கூலியை ஈடுகட்ட வேண்டும் என்று வடக்கு கிளப்புகள் கேட்டன. ஆட்டத்துக்குக் காசு கைமாறக் கூடாது என்று ரக்பி யூனியன் தலைமை மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி வடக்கு கிளப்புகள் தனி அமைப்பைத் தொடங்கின. 1906இல் அணிக்குப் பதின்மூன்று பேர் என்று ஆட்டமும் மாறியது. பிறந்த இடம் அப்படியென்பதால் இந்த விளையாட்டு இன்றும் விகன், வாரிங்டன், செயின்ட் ஹெலன்ஸ், காசில்ஃபோர்டு, வேக்ஃபீல்டு, ஹல் போன்ற தொழில் நகரங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாடு முழுக்க ரசிகர்களைக் கொண்ட கால்பந்து கிளப்பைப் போல, எங்கோ இருப்பவர் ஆதரிக்கும் கிளப்புகள் அல்ல இவை. காசில்ஃபோர்டு மக்கள் தொகை ஐம்பதாயிரத்தைக்கூடத் தொடாது.

விளையாட்டு செத்துக்கொண்டிருக்கிறது என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கிளப்புகள் தங்கள் சொந்த மைதானத்தில் ஆடும் லீக் ஆட்டங்களில் அதற்குச் சான்று இல்லை. இந்த விளையாட்டின் முதல்நிலைப் போட்டியான கோடைக்கால சூப்பர் லீக் தொடங்கிய 1996இல் ஓர் ஆட்டத்துக்குச் சராசரிக் கூட்டம் ஏழாயிரத்துக்கும் கீழே இருந்தது. இப்போது அது பத்தாயிரத்தை ஒட்டி நிற்கிறது. 2024இலிருந்து சூப்பர் லீக்கின் எல்லா ஆட்டங்களும் நேரலையில் கிடைக்கின்றன. அந்த ஆண்டும் கூட்டம் ஏறத்தான் செய்தது. சீசன் டிக்கெட் வாங்கிவிட்டு வராதவர்களையும் சேர்த்து எண்ணுகிறார்கள் என்று இதற்கு மறுப்புச் சொல்கிறார்கள். அப்படியே இருந்தாலும் சீசன் டிக்கெட் நேற்று முளைத்ததல்ல, அந்தக் குறை எல்லா ஆண்டுக்கும் பொதுவானது. சிறிய கிளப்புகள் கழன்று பெரியவை சேர்ந்ததால் சராசரி உயர்ந்தது என்ற மறுப்பில் மட்டும் ஓரளவு உண்மை இருக்கிறது. தனித்தனி கிளப்புகள் சரிந்ததும் உண்மை. ஒரு காலத்தில் ஓட்சல் மைதானத்தில் பத்தாயிரத்துக்கு மேல் கூட்டம் சேர்த்த பிராட்ஃபோர்டு 2017 ஜனவரியில் திவாலாகிக் கலைக்கப்பட்டது. சால்ஃபோர்டு 2012இல் தன் பழைய வில்லோஸ் மைதானத்தை விட்டு நெடுஞ்சாலை ஓரத்துப் புதிய மைதானத்துக்குப் போனது, அங்கே பாதி நிறைவதே பெரும்பாடாக இருந்தது. பணநெருக்கடியில் 2025 சீசனின் முதல் ஆட்டத்துக்கு இளைஞர் பட்டாளத்தை இறக்கி 82-0 என்று தோற்றது, ஆண்டு முடிவதற்குள் நீதிமன்றம் அதை இழுத்து மூடியது. இவை கிளப் நிர்வாகத்தின் தோல்விகள். அதே காலத்தில் ஹல் கேஆரும் லீயும் வேக்ஃபீல்டும் புதிய கூட்டத்தைச் சேர்த்திருக்கின்றன.

கூட்டம் குறைந்தது வேறு இடத்தில். அதைக் காட்ட வாரிங்டன் கிளப்பையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். 2009 தொடங்கி 2025 வரை அது எட்டு முறை சேலஞ்ச் கோப்பை இறுதிக்கு வந்தது, எட்டும் வெம்ப்ளியில். 2010இல் லீட்ஸோடு மோதியபோது 85,217 பேர், 2012இல் மறுபடி லீட்ஸோடு 79,180 பேர், 2016இல் ஹல் எஃப்சியோடு 76,235 பேர். பிறகு அந்த 2018 வீழ்ச்சி. 2019இல் செயின்ட் ஹெலன்ஸோடு 62,717. 2024இல் பக்கத்து ஊர் விகனோடு 64,845. 2025இல் நாற்பது ஆண்டுகளாகப் பெரிய கோப்பை எதையும் காணாத ஹல் கேஆரோடு 63,278. வாரிங்டன் தன் ஊரில் திரட்டும் கூட்டம் இந்தக் காலம் முழுக்கப் பத்தாயிரத்தை ஒட்டியே இருந்தது. ஆக ஊர் மைதானத்தில் அப்படியே இருந்த கூட்டம் லண்டனில் மட்டும் தேய்ந்திருக்கிறது. 2015இல் 80,140 பேர் வந்த ஒரு நாள் மூன்றே ஆண்டுகளில் ஐம்பதாயிரத்துக்கு இறங்கியதை மெல்லத் தேய்ந்ததாகவும் சொல்ல முடியாது.

யார் வராமல் போனார்கள்? வழக்கமாகப் பத்தாயிரம் பேர் சேரும் ஒரு கிளப், இறுதிப் போட்டிக்கு அதைப்போல் இரண்டு மடங்கை லண்டனுக்கு அழைத்து வந்ததாகத் தாராளமாகவே கணக்கிடுவோம். இரண்டு கிளப்புக்கும் சேர்த்து நாற்பதாயிரம். 2010இன் 85 ஆயிரத்தில் மீதி நாற்பத்தைந்தாயிரம் பேர் யார்? தங்கள் அணி அன்று ஆடாவிட்டாலும், தங்கள் கிளப் சட்டையையே போட்டுக்கொண்டு வந்த மூன்றாம் ஊர் ரசிகர்கள். வெம்ப்ளிக்குப் போகும் வழியெங்கும் பதினைந்து இருபது கிளப்புகளின் நிறங்களைப் பார்க்கலாம் என்பது இந்த விளையாட்டின் தனி அடையாளம். காசில்ஃபோர்டுக்காரர் விகன் ஆடுவதைப் பார்க்க 300 கிலோமீட்டர் பயணம் செய்வார், வழியெல்லாம் விகனைத் திட்டிக்கொண்டே. 2018இல் கேட்டலன்ஸ் பக்கம் அதன் ஊரான பெர்பின்யானிலிருந்து பெரிய கூட்டம் வர வழியில்லை, எனவே அன்றைய எண் மூன்றாம் ஊர்க்காரர் எத்தனை பேர் மிச்சம் என்பதைத்தான் ஏறக்குறைய அப்பட்டமாகக் காட்டியது. 2007இலும் கேட்டலன்ஸ் பக்கம் அப்படித்தான் இருந்தது, ஆனால் அன்று மூன்றாம் ஊர்கள் அந்த இடத்தை நிரப்பின. புதிதாகக் கட்டிய வெம்ப்ளியைப் பார்க்கும் ஆசையும் 2007இல் இருந்தது என்பது நியாயமான குறுக்கீடு. ஆனால் 2010இல் அந்தப் புதுமை தீர்ந்திருந்தது, கூட்டம் தீரவில்லை.

வழக்கமான விளக்கங்கள் இந்த இடத்தில்தான் தடுக்குகின்றன. தொலைக்காட்சிமேல் பழி போடுவது பழைய வழக்கம். 1952 இறுதிப் போட்டியை ஒளிபரப்பிவிட்டு, கூட்டம் குறைந்துவிடுமோ என்று பயந்து சில ஆண்டுகள் கேமராவையே உள்ளே விடவில்லை. ஆனால் 1985இல் விகனும் ஹல் எஃப்சியும் 28-24 என்று முடித்த புகழ்பெற்ற ஆட்டத்தை பிபிசி இலவசமாகக் காட்டியபோதே 99,801 பேர் நேரில் இருந்தார்கள். அதே அணிகள் ஜெயிக்கின்றன என்பதும் நிற்காது. 1988 முதல் 1995 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து விகனே கோப்பையைத் தூக்கியது, அந்த எட்டு இறுதிகளில் ஒன்றுக்குக்கூட 75,000க்குக் குறைந்து ஆள் வரவில்லை. 2005இல் வசந்தத்திலிருந்து ஆகஸ்டுக்கு மாற்றியது கெடுத்தது என்றால், 84 ஆயிரமும் 85 ஆயிரமும் வந்தது ஆகஸ்டில்தான். ஜூனில் நடந்த 2024, 2025 இறுதிகளும் பழைய உயரத்தைத் தொடவில்லை. லண்டன் ரயிலும் ஹோட்டலும் சாதாரணச் செலவல்ல, அதை மறுக்க முடியாது. ஆனால் நிதி நெருக்கடி வடக்கைக் கசக்கிப் பிழிந்துகொண்டிருந்த 2010இல் 85 ஆயிரம் பேர் வந்திருக்கிறார்கள். 2025இல் விகனும் வாரிங்டனும் லாஸ் வேகாஸில் ஒரு லீக் ஆட்டம் ஆடப் போனபோது ஆயிரக்கணக்கான இங்கிலாந்து ரசிகர்கள் அட்லாண்டிக்கைத் தாண்டிப் பின்னாலேயே போனார்கள். கையில் காசே இல்லாதவர்கள் செய்யும் காரியமல்ல அது. காசை எதில் செலவிடுவது என்பதுதான் மாறியிருக்கிறது.

அதை மாற்றியது விளையாட்டின் நிர்வாகமே என்பது என் வாதம். முன்பு மூன்றாம் ஊர் ரசிகருக்கு ஆண்டின் பெரிய பொது நாள் வெம்ப்ளிதான். லீக் பட்டம் புள்ளிக் கணக்கில் முடிந்துவிடும். 1998இல் பட்டத்தைத் தீர்மானிக்க மான்செஸ்டர் ஓல்டு டிராஃபோர்டில் கிராண்ட் ஃபைனல் தொடங்கியது. முதல் ஆண்டு 43,553 பேர் வந்தார்கள், 2015இல் 73,512. வடக்கு நகரங்கள் பெரும்பாலானவற்றிலிருந்து போய்விட்டு அன்றிரவே வீடு திரும்பிவிடக்கூடிய இடம் அது. 2007இல் எல்லா அணிகளும் ஒரே மைதானத்தில் இரண்டு நாள் ஆடும் மேஜிக் வீக்கெண்ட் வந்தது. கார்டிஃப், எடின்பரோ, மான்செஸ்டர் என்று சுற்றி நியூகாசிலில் வேர் பிடித்து, 2016இல் இரண்டு நாளுக்கும் சேர்த்து 68,276 பேரைச் சேர்த்தது. பல நிறச் சட்டைகள், பொது உறவு, நகரத்தில் ஓர் இரவு எனப் பழைய வெம்ப்ளி தந்த எல்லாமே மேஜிக்கில் கிடைக்கும், கூடவே சொந்த அணியின் ஆட்டமும் கிடைக்கும். வெம்ப்ளி சரியத் தொடங்கியதும் இந்த உச்சத்தை ஒட்டித்தான். ஊருக்கு ஒரு தேர் இருந்த இடத்தில் மூன்று தேர் விட்டார்கள், வடம் பிடிப்பவர் எண்ணிக்கை கூடவில்லை. இதோடு 2015 முதல் 2018 வரை இருந்த 'சூப்பர் எய்ட்ஸ்' முறையையும் சேர்க்க வேண்டும். சீசனின் பிற்பகுதியில் அணிகளை எட்டு எட்டாகப் பிரித்து மீதி அட்டவணையைக் கோடை நடுவில்தான் போட்டார்கள். எந்த வாரம் எங்கே ஆட்டம் என்று தெரியாதவர் ஆகஸ்ட் லண்டன் பயணத்துக்கு மார்ச்சில் பணம் சேர்க்க மாட்டார்.

இதற்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. ரசிகர்கள் இடம் மாறியிருந்தால் மற்ற இரண்டு நாட்களும் நிறைந்திருக்க வேண்டுமே? 2019இல் லிவர்பூல் ஆன்ஃபீல்டுக்குப் போன மேஜிக் 56,869க்கு இறங்கியது, 2023 கிராண்ட் ஃபைனலுக்கு 58,137 பேர்தான் வந்தார்கள். இதிலிருந்து பொது ரசிகர் கூட்டமே சுருங்கிவிட்டது என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் அப்படிச் சுருங்கியிருந்தால் 2025 இலையுதிர் காலத்தில் நடந்தது விளங்காது. 22 ஆண்டுகளுக்குப் பிறகு ஆஸ்திரேலியா ரக்பி லீக் ஆஷஸ் தொடருக்கு வந்தது. வெம்ப்ளியில் நடந்த முதல் ஆட்டத்துக்கு 60,000க்கு மேல் வந்தார்கள், அதில் இங்கிலாந்து தோற்றது. அடுத்த வாரம் எவர்ட்டனின் புதிய மைதானத்தில் 52,000 இருக்கைகளும் நிறைந்தன. எந்த கிளப்பையும் சேராத ஆட்டத்துக்கு அடுத்தடுத்த வாரம் இத்தனை பேர் வந்தார்கள் என்றால் பொது ரசிகர் இன்னும் இருக்கிறார், ஆண்டுக்கு மூன்று முறை கூப்பிட்டால் ஒவ்வொன்றையும் 'அடுத்த முறை பார்க்கலாம்' என்று தள்ளுகிறார். தவறவிட்டால் திரும்பக் கிடைக்காது என்ற நிலை ஆஷஸுக்கு இருந்தது. வெம்ப்ளிக்கு அது போய்விட்டது.

கிளப் கூட்டம் நன்றாயிருக்க, வெம்ப்ளி எப்படிப் போனால் என்ன என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ரக்பி லீக் என்றாலே என்னவென்று தெரியாத தென் இங்கிலாந்துக்காரர், விளம்பரதாரர், தொலைக்காட்சி நிர்வாகி ஆகியோர் இந்த விளையாட்டைப் பார்ப்பது ஆண்டுக்கு ஒன்றிரண்டு நாள்தான். அன்று திரையில் தெரிவது வரிசை வரிசையாகச் சிவப்பு இருக்கைகள். ஆண்டுக்கு நான்கு கோடி பவுண்டு அளவில் இருந்த ஸ்கை ஒளிபரப்பு ஒப்பந்தம் 2022இல் இரண்டரைக் கோடிக்கும் 2024இல் 2.15 கோடிக்கும் இறங்கியது. வெம்ப்ளிதான் அதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன், பேரம் பேசுகிறவர் கையில் அந்தக் காட்சி உதவியிருக்காது என்று மட்டும் சொல்லலாம். இந்த வருமானச் சரிவு தொடங்கியபோதே அதற்கு மருந்தாக ஐஎம்ஜி என்ற விளையாட்டு வணிக நிறுவனத்தோடு 12 ஆண்டு ஒப்பந்தம் போட்டு, கிளப்புகளுக்கு இருபதுக்கு மதிப்பெண் போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். ரசிகர் பலத்துக்கு ஐந்து, மைதானத்துக்கு மூன்று. பெரிய திரை வைத்தால்கூட மதிப்பெண் ஏறும் என்பதால் கிளப்புகள் திரை வாங்க ஓடின. கிளப்பைத் தனித்தனியாக எடைபோடும் இந்தத் தராசில் அடுத்த ஊர் ஆட்டத்துக்குப் போகும் ரசிகரை வைக்க இடமே இல்லை.

2026 சீசனில் சூப்பர் லீக் பதினான்கு அணிகளாகிறது. பன்னிரண்டு அணிகள் இருந்தபோது 22 ஆட்டங்களுக்கு மேல் அட்டவணையை இழுக்க ஒரே எதிரியோடு மூன்றாவது முறை ஆடும் 'லூப்' ஆட்டங்களையும் மேஜிக்கையும் வைத்து 27 ஆக்கினார்கள். இனி ஒவ்வோர் எதிரியோடும் சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என்று ஆடினாலே 26 வந்துவிடுகிறது. லூப் ஆட்டங்கள் போய்விட்டன, மேஜிக் மட்டும் இருபத்தேழாவது ஆட்டமாகத் தொங்குகிறது. அட்டவணைக்கு அது இனித் தேவையில்லை. அதை நிறுத்தினால் கிளப்புகளுக்கு வருமானம் கொஞ்சம் குறையும், நடத்தித் தரும் நகரமும் கோபிக்கும், ஆண்டுதோறும் குடும்பத்தோடு போய்ப் பழகிய ரசிகர்கள் என்னையும் சேர்த்துத் திட்டுவார்கள். இருந்தும் மூன்றில் ஒன்றை விட வேண்டுமென்றால் விடவேண்டியது அதுதான். கிராண்ட் ஃபைனலில் பட்டம் இருக்கிறது, வெம்ப்ளியில் கோப்பை இருக்கிறது. மேஜிக்கில் ஜெயித்தாலும் இரண்டு புள்ளிதான்.