விற்றமின் ஈயும் வளர்ப்புயிர்களும்

குளிர்நாடுகளில் உரோமத்தின் பொருட்டு மிங்கு என்னும் சிறு விலங்கைப் பண்ணைகளில் வளர்ப்பர். கொழுப்பு மிகுந்த மீன்கழிவை இரையாக இட்டபோது, செழித்து வளர்ந்த குட்டிகள் திடீரென மாண்டன. அறுத்துப் பார்க்கையில், வெண்மையாயிருக்க வேண்டிய கொழுப்பு மஞ்சள் நிறமேறியிருந்தது. இது பட்டினியால் வந்த நோயன்று. உணவு மலிந்த இடத்தே ஒரு சத்துக் குறைந்தமையால் வந்தது. கண்டியைச் சூழ்ந்த ஊர்களில் மிங்குப் பண்ணை இல்லை. எனினும், அந்நோயின் காரணம் நமது கோழிக்கூட்டினுள்ளும் நுழையக்கூடியது.

அச்சத்தே விற்றமின் ஈ. 1922 இல் அமெரிக்க அறிஞர் எவான்சும் பிஷப் அம்மையாரும் எலிகளை ஆராய்ந்து இதனைக் கண்டனர். இச்சத்துப் பெறாத எலிகள் கருவுற்றும் குட்டி ஈனவில்லை. ஆதலின், மகப்பேற்றைத் தருவது என்னும் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் தொக்கோபெரோல் என்ற பெயர் பின்னர் அமைந்தது.

உடற்கலங்களின் மென்சவ்வில் நிரம்பாத கொழுப்பமிலங்கள் உள. ஒட்சிசன் அவற்றுள் ஒன்றைத் தாக்கின், ஓலைக்கு ஓலை தீத் தாவுவது போல அழிவு தொடரும். விற்றமின் ஈ இடைநின்று அத்தொடரை அறுக்கின்றது. மீனெண்ணெயில் இத்தகைய அமிலங்கள் மிகுதி. எனவே அதனை உண்ணும் உயிர்க்கு இவ்விற்றமினும் மிகுதியாக வேண்டும். எண்ணெய் காறிவிடின், தீனியிலுள்ள விற்றமினும் உடன் அழியும்.

நம் அரிசித் தவிட்டை நோக்குவோம். அதில் எண்ணெயும் உண்டு, விற்றமின் ஈயும் உண்டு. நெல்லைத் தீட்டியவுடனேயே தவிட்டிலுள்ள நொதியம் எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கும். மலைநாட்டின் ஈரக்காற்றில் பல கிழமை மூட்டையிற் கிடந்த தவிடு காறல் மணம் வீசும். தேங்காய்ப் புண்ணாக்கின் கொழுப்போ பெரிதும் நிரம்பியதாதலின் ஒட்சிசனால் எளிதிற் கெடாது. ஆயினும் விற்றமின் ஈ அதிற் குறைவே.

இச்சத்துக் குன்றிய கோழிக்குஞ்சுகள் இரண்டு முதல் நான்கு கிழமைப் பருவத்தில் தலை பின்வளைந்து, கால் தடுமாறி வீழும். சிறுமூளை மென்மையுற்று நலிவதே காரணம். முயல்களுக்குத் தசை நலியும். இதனைக் கண்ணூறு என்று எண்ணி வாளாவிருப்போரும் உளர். நியூகாசில் என்னும் தொற்றுநோயிலும் கழுத்துத் திருகும். ஆகவே குறிகொண்டு மட்டும் தீர்மானித்தல் தவறு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருகவைத்திய பீடமும், கன்னொறுவையிலுள்ள மிருகவைத்திய ஆராய்ச்சி நிலையமும் நமக்கு அண்மையில் இருத்தல் பெரும் பேறு.

தவிட்டைச் சிறிது சிறிதாகப் புதிதாய் வாங்குக. காறியதை, மலிவாயினும், விலக்குக. பசும்புல்லும் பச்சிலையும் இவ்விற்றமினை நிறைய உடையன. அவை வேலியோரத்திலேயே கிடைக்கின்றன. பத்துக் குஞ்சுகளை நம்பி வாழும் குடும்பத்துக்கு இவ்வறிவு சிறிதன்று.