நன்னடத்தைப் பிணையும் பரோலும்: தகவல் சேர வேண்டிய இடம்

குற்றம் நிரூபிக்கப்பட்டவரை உடனே சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விட, 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இடம் தருகிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கு இச்சலுகை கிடையாது. பரோல் வேறு. அது சிறையில் இருப்பவர் குறிப்பிட்ட நாள்களுக்கு வீடு சென்று திரும்புவது. தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி இது 'விடுப்பு' எனப்படுகிறது. நீதிமன்றம், சிறை, காவல் நிலையம், நன்னடத்தை அலுவலர் ஆகியோரிடையே தகவல் தடையின்றிச் சென்றால்தான் இவை இரண்டும் பயன் தரும்.

பிணைக்கு அடித்தளம் நன்னடத்தை அலுவலரின் அறிக்கை. அவர் வீட்டுக்கே சென்று பெற்றோரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் பேசுகிறார். வேலை, பழக்கவழக்கம், குடும்ப நிலை ஆகியவற்றை விசாரித்து எழுதுகிறார். 21 வயதுக்கு உட்பட்டவர் வழக்கில் நீதிமன்றம் இதைக் கேட்டுப் பெற்றே ஆக வேண்டும். இந்த அறிக்கை ரகசியமானது. நீதிமன்றம் விரும்பினால் அதன் சாரத்தைக் குற்றவாளிக்குச் சொல்லி, அவர் தரப்புச் சான்றுகளைக் கேட்கலாம்.

பிணையில் விடப்படுபவர் அலுவலரின் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் பிறப்பிக்கும் ஆணை குறைந்தது ஓராண்டு நீடிக்கும். பிணையில் இருப்பவர் நிபந்தனையை மீறினால் அலுவலர் நீதிமன்றத்துக்குத் தெரிவிப்பார். முதல் மீறலுக்கு 50 ரூபாய் வரை அபராதம் விதித்துப் பிணையைத் தொடரவிடலாம். மூலக் குற்றத்துக்கே தண்டனையும் வழங்கலாம். அந்த முடிவுக்கு அலுவலர் தரும் விவரம் முழுமையாக இருக்க வேண்டும்.

பரோல் மனு வந்ததும் சிறைக் கண்காணிப்பாளர் நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்கிறார். விடுப்பில் வருபவர் உள்ளூர்க் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனையும் விதிக்கப்படுவதுண்டு. அவர் வந்திருப்பதே நிலையத்துக்குத் தெரியாவிட்டால் அந்தக் கையெழுத்துக்குப் பொருளில்லை.

தாமதத்தால் பாதிக்கப்படுவது மனிதரே. ஜாமீன் கிடைத்தும் ஆக்ரா சிறையிலிருந்து கைதிகள் விடுவிக்கப்படாத செய்தியை 2021-இல் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அதன் விளைவாக, உத்தரவுகளை மின்னணு வழியில் பாதுகாப்பாக அனுப்பும் 'ஃபாஸ்டர்' திட்டம் 2022 மார்ச் 31 அன்று தொடங்கப்பட்டது. காவல், நீதிமன்றம், சிறை, தடய அறிவியல், அரசுத் தரப்பு வழக்கு நடத்தல் ஆகிய ஐந்தையும் இணைக்கும் 'ஐசிஜேஎஸ்' தளமும் செயல்படுகிறது.

தகவல் உரியவரிடம் விரைந்து சேர வேண்டும். அதற்கு அப்பால் கசியக் கூடாது. நன்னடத்தைப் பிணையில் விடப்பட்டவருக்குத் தண்டனைத் தீர்ப்பால் நேரும் தகுதியிழப்பு எதுவும் பொருந்தாது என்கிறது குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு. திருந்தி வாழ்பவருக்குச் சட்டம் அளித்திருக்கும் உறுதி அது.